பழைய காரின் முன்பக்கச் சத்தம்: ஸ்பிரிங்கைக் கழற்றச் சொல்வதற்கு முன்

பத்து வயதைத் தாண்டிய காரில் முன்பக்கம் சத்தம் வருகிறது என்று பட்டறையில் போய்ச் சொன்னால், வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிக்கூடப் பார்க்காமல் பதில் தயாராக இருக்கும்: "ஷாக் போய்விட்டது சார், ரெண்டு பக்கமும் மாற்றிவிடலாம்." என் வண்டிக்கும் அதுதான் சொல்லப்பட்டது. இரண்டு ஷாக் அப்சார்பரும் மாறின. பணம் போனது, சத்தம் போகவில்லை. அடுத்து ஸ்பிரிங்கைக் குறை சொன்னார்கள். அதற்கடுத்து ஸ்டீயரிங் ராக்கை, அதாவது ஸ்டீயரிங்கின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பல்சட்டத்தை. கடைசியில் பிடிபட்டது ஸ்ட்ரட்டின் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) உச்சியில் துருப்பிடித்து இறுகிப்போன ஒரு பேரிங். ஷாக்கை மாற்றக் கழற்றிய அன்றே அது மெக்கானிக்கின் கையில் இருந்திருக்கிறது. துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டியிருக்கிறார்கள்.

பழைய வண்டியைப் புதிதாக வாங்கியவர்களும், முதல்முறையாக இந்தச் சத்தத்தைக் கேட்டுக் கலங்குபவர்களும் அந்தச் செலவைத் தவிர்க்கலாம். கீழே உள்ள சோதனைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காசு தேவையில்லை. ஒரு டார்ச், ஒரு அளவுநாடா, ஒரு பழந்துணி, உதவிக்கு ஒருவர் இருந்தால் போதும்.

இங்கே சொல்வது மாருதி 800, ஆல்டோ, ஜென், வேகன் ஆர், ஸ்விஃப்ட், சான்ட்ரோ, இண்டிகா போன்ற சிறிய கார்களுக்குப் பொருந்தும். இவை எல்லாவற்றிலும் முன்பக்கம் மெக்பர்சன் ஸ்ட்ரட் அமைப்பு. ஷாக் அப்சார்பரைச் சுற்றி ஸ்பிரிங், அதன் தலையில் ரப்பர் மவுன்ட்டும் பேரிங்கும், கீழே சக்கரத்தைப் பிடிக்கும் லோயர் ஆர்மும் அதன் நுனியில் உருண்டை மூட்டான பால் ஜாயின்ட்டும், குறுக்கே வண்டி சாயாமல் தடுக்கும் ஸ்டெபிலைசர் பார். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங்கும் சேர்ந்து சுழல வேண்டும். அதற்காகத்தான் அந்தப் பேரிங். பத்மினி, அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்கு முன்பக்க அமைப்பே வேறு, இது உதவாது.

1. வண்டிக்குள் இருக்கும் சத்தங்களை முதலில் இறக்குங்கள்

டிக்கியில் உள்ள ஜாக்கி, ஸ்பேனர் பை, ஸ்டெப்னி, தண்ணீர் பாட்டில், குடை எல்லாவற்றையும் வெளியே எடுத்து வையுங்கள். டாஷ்போர்டு அறையில் கிடக்கும் சில்லறைக் காசுகளையும்தான். முன்சீட்டு சீட் பெல்ட்டின் கொக்கி கதவுத் தூணில் அடித்துக்கொண்டிருந்தாலும் அது சக்கரத்திலிருந்து வருவதுபோலவே கேட்கும்.

பிறகு பானெட்டைத் திறந்து பேட்டரியைக் கையால் அசைத்துப் பாருங்கள். பேட்டரியைப் பிடித்திருக்கும் கிளாம்ப் தளர்ந்திருந்தால், பள்ளத்தில் இறங்கும்போது வரும் 'டக்' சத்தத்துக்கும் பால் ஜாயின்ட் சத்தத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். பேட்டரி மாற்றித் தருபவர்கள் பலர் அந்த நட்டை அரைகுறையாகத்தான் முடுக்குகிறார்கள். பானெட்டைத் தாங்கும் கம்பி அதன் கிளிப்பில் இருக்கிறதா, எஞ்சினுக்கு அடியில் உள்ள பிளாஸ்டிக் தடுப்பு தொங்குகிறதா, முன் நம்பர் பிளேட்டின் திருகுகள் இறுக்கமா என்று பார்த்துவிடுங்கள். பத்து நிமிட வேலை.

2. சத்தம் எப்போது வருகிறது என்று எழுதி வையுங்கள்

'முன்னாடி ஒரு மாதிரி சத்தம்' என்று சொல்கிறவரிடம் மெக்கானிக் எதை வேண்டுமானாலும் மாற்றலாம். 'இடப்பக்கம், மெதுவாக வேகத்தடை ஏறும்போது, பிரேக் தொடாதபோது மட்டும்' என்று சொல்பவரிடம் அது நடக்காது.

ஞாயிறு காலை ஆறு மணிவாக்கில், ஆள் நடமாட்டமில்லாத தெருவில், இரண்டு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு, ஏ.சி., ஃபேன், பாட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஓட்டுங்கள். சுவர் ஓரமாகப் போனால் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பித் தெளிவாகக் கேட்கும். ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் வேகத்தடையின் விளிம்பில் ஏற்றி இறக்குங்கள், பிறகு மறுபக்கம். வேகத்தடை வட்டமாக இருந்தால் 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதி சொல்கிறது. நம் தெருக்களில் ஊர்க்காரர்கள் கொட்டிவைத்த சிமென்ட் மேடுகளுக்கு அந்த விதி எட்டவில்லை. சோதனைக்கு அவையே வசதி, ஆனால் நடையின் வேகத்தில் ஏறுங்கள்.

இப்போது கேட்கும் சத்தத்தைத் தரம் பிரியுங்கள்.

நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது 'டங்' என்று, கம்பி அறுந்து தெறிப்பதுபோல வந்தால் ஸ்ட்ரட் பேரிங்கைச் சந்தேகியுங்கள். சிறு மேடுபள்ளங்களில் 'லொட லொட' என்று உலோகம் உலோகத்தில் அடித்தால், பெரும்பாலும் ஸ்டெபிலைசர் பாரின் முனையைப் பிடிக்கும் லிங்க் ராடு. இதன் அடையாளம் ஒன்று உண்டு: இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் வேகத்தடை ஏறும்போது சத்தம் குறைவாகவும், ஒரு சக்கரம் மட்டும் ஏறி இறங்கும்போது அதிகமாகவும் இருக்கும். பெரிய பள்ளத்தில் விழும்போது மட்டும் 'தொம்' என்று அடிவயிறு கலங்குவதுபோல இடித்தால், ஷாக் தளர்ந்திருக்கலாம் அல்லது ஷாக் முழுதாக அமுங்கும்போது இடியைத் தாங்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் நொறுங்கிப் போயிருக்கலாம். 'கிரீச் கிரீச்' என்று பழைய கட்டில்போல முனகினால் காய்ந்துபோன புஷ், அதாவது மூட்டுகளில் வரும் ரப்பர் உறை. முழுதாகத் திருப்பி ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது 'டக் டக் டக்' என்று சக்கரம் சுழலும் தாளத்திலேயே வந்தால் அது சஸ்பென்ஷனே இல்லை, எஞ்சின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஆக்சில் ஜாயின்ட்.

இன்னும் ஒரு சோதனை உண்டு, எல்லாரும் மறந்துவிடுவது. சத்தம் வரும் இடத்தில் பிரேக்கை மிக லேசாகத் தொட்டபடி ஓட்டுங்கள். சத்தம் நின்றுபோனால் குறை பிரேக் காலிப்பரிலோ பேடிலோ இருக்கிறது. பேடைப் பிடிக்கும் சிறு கிளிப் இல்லாமல் பேட் மாற்றியிருப்பார்கள். பேட் தன் கூட்டுக்குள் ஆடும். இதற்காக லோயர் ஆர்ம் மாற்றிய ஒருவரை எனக்குத் தெரியும்.

3. நின்ற வண்டியில் ஸ்டீயரிங் சோதனை

இது அவசரப்படாமல் செய்ய வேண்டிய சோதனை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, பின்சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். எஞ்சின் ஓடட்டும். உள்ளே உட்கார்ந்திருப்பவர் ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகத் திருப்ப வேண்டும். கோடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கக் கூடாது.

நீங்கள் முதலில் பானெட்டைத் திறந்து ஸ்ட்ரட்டின் தலைப்பகுதியில் உள்ளங்கையை வையுங்கள். சில வண்டிகளில் வைப்பர் அருகே உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால்தான் அது தெரியும். எஞ்சின் ஓடுகிறது என்பதால் ஃபேன், பெல்ட் பக்கம் சட்டைக்கை, துப்பட்டா, ஐ.டி. கார்டுக் கயிறு எதுவும் தொங்கக் கூடாது. பேரிங் நன்றாக இருந்தால் கைக்கு ஒன்றுமே தெரியாது. இறுகியிருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக விறைப்பு ஏறி, திடீரென்று உள்ளங்கையில் ஒரு உதை உதைக்கும். அதே நொடியில் 'டங்' கேட்கும்.

அடுத்து சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே டார்ச் அடித்து ஸ்பிரிங்கைப் பாருங்கள். முன்கூட்டியே அதன் ஒரு வளையத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைத்தால் இன்னும் நல்லது. சக்கரம் திரும்பும்போது கோடும் சீராகக் கூடவே நகர வேண்டும். கோடு அசையாமல் நின்று, பிறகு ஒரே தாவாகத் தாவினால், பேரிங் சுழலவில்லை. ஸ்பிரிங் முறுகி, தாங்க முடியாமல் விடுபடுகிறது. சத்தம் ஸ்பிரிங்கில்தான் கேட்கிறது, குறை அதன் தலைக்கு மேலே இருக்கிறது. ஸ்பிரிங்கைத் தொட்டுப் பார்க்க ஆசையிருந்தால் வெளிப்பக்கமாக விரல்நுனியை மட்டும் வையுங்கள். வளையங்களுக்கு நடுவே விரலை விடவே கூடாது.

திருப்பத்தில் இருந்து வெளியே வரும்போது ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாமல் மந்தமாக நிற்பதும் இதே பேரிங் குறைக்குத் துணைச் சாட்சி.

சென்னை வண்டிகளை வாங்குகிறவர்கள் இந்தச் சோதனையைத் தவிர்க்க வேண்டாம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சக்கரம் மூழ்க நின்ற வண்டிகள் ஏராளம். சீட்டையும் தரைவிரிப்பையும் மாற்றி விற்றுவிடுவார்கள். பேரிங்கில் இருந்த கிரீஸ் தண்ணீரில் போனதை யாரும் கவனிப்பதில்லை. கடற்கரையோர ஊர்களில் உப்புக் காற்றும் தன் பங்குக்கு வேலை செய்யும்.

4. ஸ்பிரிங் உண்மையிலேயே உடைந்திருக்கிறதா?

முதலில் டயர்களில் காற்றைச் சரிபாருங்கள். எவ்வளவு என்பது பெரும்பாலும் ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். யாரும் உட்காராமல், சமதரையில், சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டின் விளிம்புவரை நேர்க்குத்தாக அளந்து எழுதுங்கள். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் தாழ்ந்த பக்கத்து ஸ்பிரிங்கைக் கவனமாகப் பார்க்க வேண்டும். விபத்தில் அடிபட்டு மட்கார்டு மாற்றிய வண்டியில் இந்த அளவை நம்பாதீர்கள். விளிம்பே கோணலாக இருக்கும்.

உடைவது பெரும்பாலும் கீழ்க்கடைசி வளையத்தில்தான். ஸ்பிரிங் உட்காரும் தட்டில் சேறும் ஈரமும் தங்கி, கல் தெறித்துப் பெயின்ட் உரிந்த இடத்தில் துரு பிடித்து, ஒரு நாள் பட்டென்று போகும். உடைந்த துண்டு தட்டிலேயே பொருந்தி உட்கார்ந்துகொள்வதால் மேலோட்டமாகப் பார்த்தால் முழுசாகவே தெரியும். பழந்துணியால் சேற்றைத் துடைத்துவிட்டு, ஸ்பிரிங்கின் நுனி எங்கே முடிகிறது என்று தேடுங்கள். தொழிற்சாலையில் வெட்டிய நுனி சீராக இருக்கும். உடைந்த நுனி சொரசொரப்பாக இருக்கும். சந்தேகம் தீரவில்லையென்றால் இரு பக்கமும் வளையங்களை எண்ணி, நுனி நிற்கும் இடத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். வளையங்கள் ஒன்றோடொன்று உரசியிருந்தால் அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் போய், ரூபாய் நாணயத்தின் விளிம்பு அகலத்துக்கு ஒரு கோடு பளபளக்கும்.

உடைந்திருப்பது உறுதியானால் வண்டியை அந்த இடத்தை விட்டு ஓட்டாதீர்கள். உடைந்த முனை நழுவி டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிடும். நெடுஞ்சாலையில் அது நடந்தால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. உங்கள் காப்பீட்டு பாலிசியில் சாலை உதவி என்ற கூடுதல் சேர்க்கை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பட்டறைவரை இழுத்துச் செல்லும் செலவு மிச்சமாகலாம். ஸ்பிரிங்கின் விலையைக் காப்பீட்டில் கேட்க முடியாது. தேய்மானமும் இயந்திரப் பழுதும் வாகனக் காப்பீட்டின் விலக்குப் பட்டியலில் இருப்பவை.

மட்கார்டின் முனையில் கை வைத்து நான்கைந்து முறை அழுத்தி விட்டுவிடும் சோதனையும் உண்டு. ஒரு முறை எழும்பி அடங்கினால் ஷாக் உயிரோடிருக்கிறது. ஊஞ்சல் ஆடினால் இல்லை. முற்றிலும் செத்த ஷாக்கை மட்டுமே இது காட்டும். அரைகுறை ஷாக் இதில் தேறிவிடும். ஷாக்கின் உடம்பில் எண்ணெய் வழிந்து தூசி அப்பியிருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

5. சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பாருங்கள்

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொண்டுபோகாதீர்கள். ஜாக் ஸ்டாண்ட் முட்டுக்கொடுக்க வசதியில்லையென்றால் இந்தப் படியைப் பட்டறையில் உங்கள் கண்முன் செய்யச் சொல்லுங்கள்.

தூக்கிய சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் வரும் ஆட்டம் வீல் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். பக்கவாட்டில் பிடித்து ஆட்டினால் மட்டும் வருவது டை ராடு எண்ட் (ராக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் மூட்டு) அல்லது ஸ்டீயரிங் ராக். பால் ஜாயின்ட்டைத் தனியாகப் பார்க்க, லோயர் ஆர்முக்கும் சக்கரக் கூட்டுக்கும் நடுவே டயர் லிவரைக் கொடுத்து நெம்புங்கள். இடைவெளி திறந்து மூடினால் அது போய்விட்டது. லோயர் ஆர்மின் புஷ் ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். மேற்பரப்பில் மெல்லிய கீறல்கள் வயதுக்கு இயல்பு. ரப்பர் உலோகத்தை விட்டுப் பிரிந்திருந்தால்தான் மாற்ற வேண்டும். மாருதி 800 போன்ற வண்டிகளில் ஸ்டெபிலைசர் பாரே லோயர் ஆர்மைப் பிடித்திருப்பதால், அதன் நுனியில் உள்ள புஷ் தேய்ந்தால் சத்தத்தோடு, பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கவும் செய்யும்.

தனி லிங்க் ராடு உள்ள வண்டிகளுக்கு மெக்கானிக்குகளின் குறுக்கு வழி ஒன்று இருக்கிறது. இரு பக்க லிங்க்கையும் கழற்றி வைத்துவிட்டு, தெருவுக்குள் மட்டும் மெதுவாக ஒரு சுற்று ஓட்டுவது. சத்தம் போய்விட்டால் விடை கிடைத்துவிட்டது. மறக்காமல் திரும்ப மாட்டிவிட வேண்டும்; லிங்க் இல்லாமல் வேகமாகத் திருப்பினால் வண்டி சாயும்.

6. முனகல் மட்டும் என்றால் தண்ணீர்

காய்ந்த ரப்பரைக் கண்டுபிடிக்கத் தெளிப்பான் பாட்டிலில் வெறும் தண்ணீர் எடுத்து, ஒவ்வொரு புஷ்ஷாக நனைத்து, ஒவ்வொரு முறையும் வண்டியை அழுத்திப் பாருங்கள். எந்தப் புஷ்ஷை நனைத்ததும் முனகல் நிற்கிறதோ அதுதான். மழைநாளில் சத்தம் காணாமல் போவதற்கும் இதே காரணம்.

வாட்டர் சர்வீஸ் செய்யும் இடங்களில் கழுவி முடித்ததும் அடிப்பாகத்தில் டீசலோ பழைய ஆயிலோ தெளிக்கும் வழக்கம் இன்னும் சில ஊர்களில் இருக்கிறது. வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பட்டைக் கட்டு ஸ்பிரிங் உள்ள லாரிக்கு ஏற்பட்ட வைத்தியம் அது. காரின் புஷ் ரப்பர் எண்ணெய் பட்டால் ஊறி, உப்பி, கெட்டுப்போகும். இரண்டு நாள் சத்தம் அடங்கும், இரண்டு மாதத்தில் புஷ்ஷே போகும். தற்காலிகமாக ஏதாவது அடிக்கத்தான் வேண்டும் என்றால் சிலிகான் ஸ்ப்ரே.

7. பட்டறைக்குப் போகுமுன் கையில் இருக்க வேண்டியவை

ஆர்.சி. நகல் முதலில். அதில் உள்ள சேசிஸ் எண்ணும் தயாரித்த மாதமும் ஆண்டும் இல்லாமல் உதிரிப்பாகம் வாங்கக் கிளம்பாதீர்கள். ஒரே பெயருள்ள வண்டியில் பெட்ரோலுக்கு ஒரு ஸ்பிரிங், டீசலுக்கு வேறு ஸ்பிரிங். டீசல் எஞ்சினின் எடை அதிகம். சில மாடல்களில் இடத்துக்கும் வலத்துக்கும்கூட வேறுபடும். பழைய ஸ்பிரிங்கில் பெயின்ட் புள்ளிகள் அழியாமல் இருந்தால் அவற்றின் நிறத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வகையை அடையாளம் காட்டுவதற்காக வைத்தவை அவை.

முந்தைய சர்வீஸ் பில்கள் இருந்தால் எடுத்துப்போங்கள். போன வருடம் மாற்றிய பொருளையே இந்த வருடமும் மாற்றச் சொல்வதைத் தடுக்க அதைவிட நல்ல ஆயுதம் இல்லை. கூடவே, இரண்டாம் படியில் எழுதிய குறிப்பின் ஒரு நகலை மெக்கானிக்கிடம் கொடுங்கள். வண்டியைத் திறப்பதற்கு முன் அவரை உட்காரவைத்து நீங்களே ஓட்டிச் சத்தத்தைக் கேட்க வையுங்கள். "அண்ணே, இந்தச் சத்தம்தான், இது நின்றால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம்" என்று அப்போதே சொல்லிவிடுவது நல்லது. ஜாப் கார்டிலும் 'சஸ்பென்ஷன் வேலை' என்று பொதுவாக எழுத விடாமல், எந்தச் சத்தம், எந்தப் பக்கம் என்று எழுதச் சொல்லுங்கள்.

வண்டிக்குப் பதினைந்து வயது நெருங்குகிறது என்றால் இன்னொரு கணக்கும் உண்டு. பதிவுச் சான்றைப் புதுப்பிக்க 25-ஆம் எண் படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். காலாவதித் தேதிக்கு முந்தைய 60 நாட்களுக்குள் அதைச் செய்யலாம். வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும் என்பதால் சஸ்பென்ஷன் வேலையை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். புதுப்பித்தால் ஐந்து ஆண்டுக்குச் செல்லும். வண்டியை வைத்துக்கொள்வதா, விற்பதா என்று முடிவெடுக்காமல் நான்கு பக்கமும் புது ஷாக் போட்டுவிட்டு அப்புறம் விற்கிறவர்கள் இருக்கிறார்கள்; வாங்குகிறவர் அதற்குத் தனியாக விலை தருவதில்லை.

8. எவ்வளவு ஆகும், எவ்வளவு நேரம் ஆகும்

நான் விசாரித்த அளவில் சிறிய கார்களுக்கு உத்தேசமான விலைகள் இவை. ஊருக்கும் மாடலுக்கும் ஏற்ப மாறும். லிங்க் ராடு ஒன்று 300 முதல் 900 ரூபாய். ஸ்ட்ரட் மவுன்ட்டும் பேரிங்கும் சேர்த்து ஒரு பக்கத்துக்கு 600 முதல் 1,500. பால் ஜாயின்ட் தனியாகக் கிடைத்தால் 400 முதல் 1,000. லோயர் ஆர்மோடு சேர்ந்தே வரும் மாடல் என்றால் 1,200-க்கு மேல். ஸ்பிரிங் ஒன்று 1,000 முதல் 2,500. ஷாக் ஒன்று 1,500 முதல் 3,500. ஸ்ட்ரட்டைக் கழற்றி மாட்டும் கூலி சிறு பட்டறையில் ஒரு பக்கத்துக்கு 500 முதல் 1,000; நிறுவன சர்வீஸ் சென்டரில் இதைவிட அதிகம். வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) 300 முதல் 600.

இதிலிருந்தே வேலையின் வரிசை தெரியும். லிங்க் ராடும் புஷ்ஷும் முதலில், ஸ்ட்ரட்டைக் கழற்ற வேண்டிய வேலை கடைசியில். ஆனால் ஸ்ட்ரட்டை ஒரு முறை கழற்றிவிட்டால் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். பேரிங், மவுன்ட், பம்ப் ஸ்டாப், தூசி மறைப்பு, ஸ்பிரிங்குக்கு அடியில் வரும் ரப்பர் எல்லாவற்றையும் அப்போதே மாற்றிவிட்டால் கூலி ஒரு முறைதான். ஸ்பிரிங்கும் ஷாக்கும் இரு பக்கமும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் வண்டி சாய்ந்து நிற்கும்.

உதிரிப்பாகங்களின் பெட்டியில் அச்சிட்ட எம்.ஆர்.பி. வரி உட்பட்ட விலை. அதன்மேல் மறுபடி ஜி.எஸ்.டி. போட்டால் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிப்பாகங்களுக்கு 18 சதவீதம்தான். பழைய 28 சதவீதக் கணக்கு செல்லாது. வண்டி நிறுவனத்தின் பெட்டியில் வரும் பாகம் கிடைக்காவிட்டால் ஷாக்குக்கு கேப்ரியல், பால் ஜாயின்ட், டை ராடு வகைகளுக்கு ரானே போன்ற பெயர்கள் எல்லா ஊர்களிலும் கிடைக்கும். சென்னையில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் விலை கேட்டுவிட்டு வாங்கலாம். பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பழைய கதவு வாங்கலாம், ஹெட்லைட் வாங்கலாம். பழைய ஸ்பிரிங்கும் பழைய ஷாக்கும் மட்டும் வாங்காதீர்கள். அது எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடியது என்று விற்பவருக்கே தெரியாது.

நேரம்: லிங்க் ராடு அரை மணி. ஸ்ட்ரட் வேலை ஒரு பக்கத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை மணி; துரு பிடித்த போல்ட் அடம்பிடித்தால் கூடும். இரு பக்கமும் அலைன்மென்ட்டும் சேர்த்து அரை நாள் ஒதுக்குங்கள். பாகங்களை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு வாரநாள் காலையில் போங்கள். சனிக்கிழமை மாலை கொடுத்தால் அவசரத்தில் மாட்டித் தருவார்கள்.

9. வேலை நடக்கும்போது பார்க்க வேண்டியவை

ஸ்ட்ரட்டின் உச்சியில் உள்ள நடு நட்டை, ஸ்பிரிங் கம்ப்ரெசர் மாட்டி ஸ்பிரிங்கை அழுத்திய பிறகுதான் கழற்ற வேண்டும். கம்ப்ரெசர் இல்லாமல் கயிறோ கம்பியோ கட்டிக் கழற்றுகிற பட்டறையில் உங்கள் வண்டியைக் கொடுக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் விடுபட்டால் ஆளைக் கொல்லும் வலிமை அதற்கு உண்டு. வீட்டில் நீங்களே செய்து பார்க்கும் வேலையும் இது இல்லை.

புது ஸ்பிரிங்கின் கீழ்நுனி, தட்டில் அதற்கென்று உள்ள படிக்கட்டு போன்ற மடிப்பில் போய்ச் சேர வேண்டும். நழுவி உட்கார்ந்தால் முதல் வாரத்திலேயே புதிய சத்தம் ஆரம்பிக்கும். பேரிங் சரியான பக்கம் மேலே இருக்கிறதா என்றும் கேளுங்கள். தலைகீழாக மாட்டிய பேரிங் சுழலாது.

லோயர் ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டைக் கடைசியாக முடுக்க வேண்டியது வண்டி தரையில் நிற்கும்போது. சக்கரம் தொங்கும் நிலையில் முடுக்கினால், இறக்கியதும் ரப்பர் முறுகியே நிற்கும். முனகும், சீக்கிரம் கிழியும். பெரும்பாலான மெக்கானிக்குகள் இதைச் செய்வதில்லை. சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை, சொல்லுங்கள்.

ஸ்பிரிங் வளையங்களுக்கு நடுவே ரப்பர் வளையம் செருகித் தருகிறேன், உயரமும் கூடும் சத்தமும் போகும் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். ரப்பர் செருகிய இடத்தில் ஸ்பிரிங்கின் அசைவு கட்டுப்பட்டு, ஸ்பிரிங்கின் மற்ற வளையங்கள் அந்தப் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கும். ஸ்பிரிங்கைச் சூடாக்கி நிமிர்த்துகிறேன் என்பதும் வேண்டாம். சூடுபட்ட எஃகின் வலு போய்விடும்.

கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கி வண்டியிலேயே போட்டுக்கொள்ளுங்கள். பேரிங்கைக் கையில் வைத்துச் சுழற்றிப் பாருங்கள். மணல் அரைப்பதுபோல விரலுக்குத் தெரிந்தால் செலவு வீண் போகவில்லை.

10. வெளியே எடுத்த பிறகு

பணம் கொடுப்பதற்கு முன், மெக்கானிக்கைக் கூட உட்காரவைத்து அதே வேகத்தடையில் ஏறி இறங்குங்கள். பழைய சத்தம் போய் 'டொக்' என்ற புதுச் சத்தம் வந்தால் ஸ்ட்ரட் உச்சி நட்டு சரியாக முடுக்கப்படவில்லை என்பதுதான் முதல் சந்தேகம். அதற்காகப் புதிய பாகம் எதையும் வாங்கச் சம்மதிக்காதீர்கள்.

ஸ்ட்ரட்டைக் கழற்றி மாட்டினால் அலைன்மென்ட் கட்டாயம். இரண்டு மூன்று நாள் ஓட்டி, ஸ்பிரிங்கும் ரப்பரும் இடத்தில் உட்கார்ந்த பிறகு செய்துகொள்ளலாம். அதற்கு மேல் தள்ளிப்போட்டால் டயர் ஒரு ஓரமாகத் தேயும். அச்சிட்ட அளவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். 500 கிலோமீட்டர் ஆனதும் சக்கர நட்டுகளையும் லிங்க் ராடு நட்டுகளையும் ஒரு முறை முடுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்; நல்ல பட்டறையில் இதற்குக் காசு கேட்க மாட்டார்கள். பில்லில் பாகத்தின் எண், எந்தப் பக்கம், அன்றைய கிலோமீட்டர் மூன்றும் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஷாக்குக்கு உத்தரவாதம் உண்டென்றால் கடை முத்திரையும் தேதியும் இல்லாமல் அதைக் கேட்க முடியாது. வெப்பத்தில் எழுத்து மங்கும் ரகக் காகிதத்தில் பில் தந்தால் அன்றே கைப்பேசியில் படம் எடுத்து வைத்துவிடுங்கள்.